கட்டி முடிச்சாச்சு

எனக்குப் பொறாமை. முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் யாரும் என்னை நல்லவள்னு நெனச்சு ஏமாற வேண்டாம். என் ஓரகத்தி மேல பொறாமை. அவ நகை மேல இல்ல, நிறத்து மேல இல்ல. அவ கடனைக் கட்டி முடிச்ச விதத்து மேல.

மாமனாருக்கு இருதய ஆபரேஷன் பண்றதுக்காக அண்ணன் தம்பி ரெண்டு பேரும் கூட்டுறவு சொசைட்டியில ஆளுக்கு அஞ்சு லட்சம் கடன் வாங்கினாங்க. மாமனார் அதுக்கப்புறம் மூணு வருஷம் நல்லபடியா இருந்து, நிம்மதியாப் போய்ச் சேர்ந்தார். கடன் போய்ச் சேரல. அண்ணன் பஸ் டிரைவர். அவர் பெண்டாட்டிதான் என் ஓரகத்தி, ஆஸ்பத்திரியில பில் போடுற வேலை. என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நான் கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்ச்சு பிரேம்ல மாட்டுறவ. ரெண்டு வீட்டு வருமானமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஒரே நாள்ல வாங்கின கடன், ஒரே வட்டி. அவங்க முடிச்சுட்டாங்க. அப்போ எனக்கு இன்னும் ஒண்ணே கால் லட்சம் பாக்கி.

'எனக்கு'ன்னு சொல்றேன் பாருங்க. கையெழுத்துப் போட்டது அவர், பாஸ்புக் என் பீரோவுல. மாசாமாசம் வரிசையில நிக்கறது நான், சொசைட்டியிலேர்ந்து செய்தி வர்றதும் என் ஃபோனுக்கு. அவர் அந்த ஆபீஸ் வாசல்படியை மிதிச்சே ஆறு வருஷம் ஆகியிருந்துச்சு.

கெட்ட மனுஷன் இல்ல. குடி கிடையாது, கை நீட்டினது கிடையாது. சம்பளத்துல வீட்டுக்குக் குடுக்க வேண்டியதைக் குடுத்துடுவார். அதுக்கு மேல ஒரு துரும்பைக் கிள்ளிப் போட மாட்டார். ஞாயித்துக்கிழமை அவசர வேலைக்குப் போனா ஒன்றரைச் சம்பளம். கம்பெனியில கூப்பிட்டா, "இந்த வாரம் முடியாது சார்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டு கேரம் ஆடப் போயிடுவார். பக்கத்து வீட்டு மிக்சி, எதிர் வீட்டு ஃபேன், எல்லாம் ரிப்பேர் பண்ணிக் குடுப்பார், சும்மா. ஏன் காசு வாங்கலைன்னு கேட்டா, "அக்கம்பக்கத்துல போய் என்ன காசு"ம்பார். கடன்னு வாயைத் திறந்தா ஒரே பதில்தான்: "கட்டிடலாம், ஓடியா போயிடும்?"

நானும் சொல்லிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், ரெண்டு நாள் பேசாம இருந்தும் பார்த்தேன். அந்த ரெண்டு நாளும் அவர் நிம்மதியா இருந்தார். ஒரு நாள் கோவம் தலைக்கேறி, "வட்டியோட ஆறு லட்சம் ஆயிடுச்சு, தெரியுமா உங்களுக்கு?"ன்னு கத்திட்டேன். அப்போ நிஜமா இருந்தது மூணு. பயந்தாவது நாலு காசு கூடச் சம்பாதிக்கட்டும்னு சொன்னது. அன்னைக்கு அவர் சாப்பிடாம எழுந்து போனார். பரவாயில்ல, உறைச்சிருக்குன்னு நெனச்சேன். அந்த ஆறை நான் குறைக்கவே இல்ல. எப்போ கேட்டாலும், "அப்படியேதான் கிடக்கு"ன்னுதான் சொல்லுவேன். அப்புறம் அவர் கேக்கறதையே விட்டுட்டார்.

அங்க என் ஓரகத்தி வீட்டுல என்ன நடந்துச்சு? ஒரு பெரிய சார்ட் வாங்கி, நூறு கட்டம் போட்டு, சுவத்துல ஒட்டினா. ஒரு கட்டம் அஞ்சாயிரம். அவ கட்டினா பச்சை, அவ புருஷன் கட்டினா சிவப்பு. நான் அங்க போறப்பல்லாம் அந்தச் சார்ட்தான் முதல்ல கண்ணுல படும். சிவப்பும் பச்சையுமா மேல ஏறிக்கிட்டே போகும். ஒரு தடவை போனப்போ புருஷனும் பெண்டாட்டியும் சார்ட் முன்னாடி ஒரே நாற்காலி மேல ஏறி நின்னு, ஆளுக்கொரு பென்சிலை வெச்சுக்கிட்டு, "இது என் கட்டம், நீ தொடாதே"ன்னு சண்டை போட்டுக்கிட்டு இருந்தாங்க. நான் தண்ணி மட்டும் குடிச்சுட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் செருப்பை எடுத்து வெளிய வீசினேன். அவருக்கு ஏன்னே புரியல.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, கடன் முடிஞ்சதுக்குச் சாப்பாடுன்னு எங்களைக் கூப்பிட்டா. போனோம். கடன் தீர்ந்ததுக்கு சொசைட்டியில குடுத்த தாளை லேமினேட் பண்ணி ஷோகேஸ்ல வெச்சிருந்தா, டிகிரி வாங்கின மாதிரி. சாப்பிட உக்காந்தோம். அவளும் அவ புருஷனும் ஒரு வீடு பார்த்திருக்காங்களாம், ரெண்டு லட்சம் அட்வான்ஸ் குடுத்தாச்சாம். அதே சொசைட்டியில வீட்டுக் கடனுக்குப் போடப் போறாங்களாம். எல்லாத்தையும் சொல்லிட்டு என் இலையைப் பார்க்கற மாதிரி என் முகத்தைப் பார்த்தா.

"உங்களுக்கும் ஒரு சார்ட் வரைஞ்சு தரட்டுமாம்மா? உன் புருஷனுக்கு என்ன கலர் பிடிக்கும்?"

நல்ல மனசோடதான் கேட்டிருப்பா. இப்போ யோசிச்சா அப்படித்தான் தோணுது. அப்போ எனக்குக் காதுல புகை வந்துச்சு.

"எங்களுக்கு எதுக்குக்கா சார்ட்டு? நாங்க போன வாரமே கட்டி முடிச்சாச்சு."

சொன்னது என் வாய்தான். எனக்கே கேட்டுச்சு. என் வீட்டுக்காரர் கை சாப்பாட்டுல அப்படியே நின்னுச்சு. மாட்டிவிடப் போறார்னு நெனச்சேன். அவர் என்னையே பார்த்துக்கிட்டு இருந்தார். அவரோட அண்ணன்தான் கை கழுவாமலே எழுந்து தம்பி முதுகுல ஒரு தட்டு தட்டினார். "டேய், சொல்லவே இல்லையேடா. அப்போ வீட்டுக் கடன் ஜாமீனுக்கு நீயே கையெழுத்துப் போடு. நான் ஊர்ல இருக்கற டிரைவரையெல்லாம் கெஞ்சிக்கிட்டு இருக்கேன்."

ஃபாரம் வந்துச்சு. ஓரகத்தி ஒரு வரி விடாமப் படிச்சா. அவ குணம் அது. "ஜாமீன் போடுறவருக்கு இந்தச் சொசைட்டியில கடன் பாக்கி எதுவும் இருக்கக் கூடாது. தப்பாச் சொன்னா மனு தள்ளுபடி, ஆறு மாசத்துக்கு மறுபடி போட முடியாது." படிச்சுட்டு நிமிர்ந்து, "அதான் இல்லையே"ன்னு சிரிச்சா. வெள்ளிக்கிழமை லீவு போட்டு ஃபாரத்தைக் குடுக்கப் போறதாச் சொன்னா. மாசக் கடைசிக்குள்ள பணம் தரலைன்னா அட்வான்ஸ் திரும்ப வராது, வீடும் வேற ஆளுக்குப் போயிடும்.

அவர் கையெழுத்துப் போட்டார். நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். "நிறுத்துங்க"ன்னு ஒரே வார்த்தை. அது வரல.

திரும்பி வர்றப்போ பைக்குல பின்னாடி உக்காந்து, என்ன திட்டு விழப் போகுதோன்னு காத்துக்கிட்டு இருந்தேன். பாதி வழியில பைக்கை ஓரமா நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழட்டினார். கண்ணு ரெண்டும் செவந்திருந்துச்சு.

"எனக்கே சொல்லலையே நீ."

எனக்கு அப்போதான் உறைச்சுது. இந்த மனுஷன் நான் சொன்னதை நம்பிட்டார்.

"உங்கண்ணன் பங்கைக் குடுத்துட்டாரா?"ன்னார். எங்கம்மா வீட்டை வித்தப்போ எனக்கொரு பங்கு தர்றதா எங்கண்ணன் சொல்லி நாலு வருஷம் ஆச்சு, இன்னும் சொல்லிக்கிட்டேதான் இருக்கார். "ஆறு லட்சம். உங்க வீட்டுக் காசை எடுத்து எங்கப்பா கடனைக் கட்டிட்டு, ஒரு வார்த்தை பேசாம இருந்திருக்கியே."

நான் "ம்"னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அந்த வாரத்தை நெனச்சா இன்னைக்கும் எனக்கு உடம்பு கூசுது. திங்கக்கிழமை காலையில நான் எழுந்திரிக்கிறதுக்குள்ள டீ போட்டு வெச்சிருந்தார். கல்யாணம் ஆகி பதினோரு வருஷத்துல, எனக்குக் காய்ச்சல் வந்த நாளைத் தவிர அவர் அடுப்பைத் தொட்டதில்ல. செவ்வாக்கிழமை எதிர் வீட்டம்மா என்னை நிறுத்தி, "உங்களைப் பத்தி உங்க வீட்டுக்காரர் அவ்வளவு பெருமையாச் சொன்னாருங்க"ன்னா. கேரம் ஆடற கூட்டத்துலயும் சொல்லியிருக்கார். கம்பெனியில சூப்பர்வைசர்கிட்ட சொல்லியிருக்கார். புதன்கிழமை சாயங்காலம் கை கால் கழுவிட்டு வந்து உக்காந்து, "இனிமே ஞாயித்துக்கிழமையும் போறேன்னு பேரு குடுத்துட்டேன்"னார்.

"ஏன்?"

"இனிமே வர்றது நம்ம காசு இல்லையா. உனக்கு ஏதாவது பண்ணணும் நான்."

எத்தனை வருஷம் தொண்டைத்தண்ணி வத்தக் கத்தியிருப்பேன், அந்த ஞாயித்துக்கிழமைக்காக. கடன் இருக்கறப்போ போகாத மனுஷன் கடன் இல்லைன்னதும் போறார். கையில இருந்த கரண்டியாலயே ஒண்ணு போடலாம்னு வந்துச்சு. அதோட இன்னொண்ணும் வந்துச்சு, வெக்கமா இருக்கு சொல்ல. அவர் மனசுல ஒருத்தி இருந்தா, வாயைத் திறக்காம ஆறு லட்சத்தைக் கட்டின பெண்டாட்டி. அவளுக்காகத்தான் டீ, அவளுக்காகத்தான் ஞாயித்துக்கிழமை. என்னை அவர் அப்படிப் பார்த்ததே இல்ல. அவ மேல எனக்கு வந்த பொறாமை, ஓரகத்தி மேலகூட வந்ததில்ல.

சொல்லணும்னு தினமும் நெனப்பேன். சொன்னா அவ போயிடுவா, நான்தான் மிச்சம் இருப்பேன். சொல்லலைன்னா வெள்ளிக்கிழமை ஃபாரம் போகும், தள்ளுபடி ஆகும், ரெண்டு லட்சம் போகும். அந்தச் சார்ட்டுல அது நாப்பது கட்டம். போகட்டுமேன்னு ஒரு நெனப்பு வந்துச்சு. ஒரு தடவை வந்துட்டுப் போயிருந்தா சரி, மறுபடி மறுபடி வந்துச்சு. லென்ஸ் தேய்க்கிற மிஷின் முன்னாடி நின்னுக்கிட்டு, ஓரகத்தி முகம் அன்னைக்கு எப்படி மாறும்னு நெனச்சுப் பார்த்தேன். பார்க்க நல்லாவே இருந்துச்சு.

வியாழக்கிழமை மத்தியானம் அவளே கடைக்கு வந்தா. கண்ணாடிக் கம்பி ஒண்ணு ஆட்டம் கண்டிருந்துச்சு. நான் வாங்கி திருகாணியை முடுக்கினேன். கவுண்டர்ல முழங்கையை ஊனிக்கிட்டு வீட்டைப் பத்திப் பேச ஆரம்பிச்சா. சமையக்கட்டுல ஜன்னல் இருக்காம். வாடகை வீட்டுல பதினஞ்சு வருஷமா ஜன்னல் இல்லாத சமையக்கட்டுல நின்னாளாம்.

"நேத்து மறுபடி போய்ப் பார்த்தேன். பழைய ஆளுங்க காலி பண்ணிட்டாங்க. அந்த ஜன்னல்கிட்ட சும்மா ஒரு பத்து நிமிஷம் நின்னுட்டு வந்தேன்"னா. "யார்கிட்டயும் சொல்லிடாதே, சிரிப்பாங்க."

கண்ணாடியைத் துடைச்சுக் குடுத்தேன். போட்டுக்கிட்டு, "இப்போ நல்லாத் தெரியுது"ன்னா. காசு நீட்டினா, நான் வாங்கல. படி இறங்கிப் போறவ முதுகைப் பார்த்துக்கிட்டே நின்னேன். எனக்கு அவளைப் பிடிக்கல, அது அப்பவும் மாறல. ஆனா ஒரு ஜன்னல்கிட்ட பத்து நிமிஷம் நின்னுட்டு வந்திருக்கா. அதுல கையை வைக்க என்னால முடியல.

சாயங்காலம் அவர் வந்ததும் செருப்பைக் கழட்ட விடல. "கடன் முடியல. நான் சொன்னது பொய். எங்கண்ணன் ஒரு பைசா தரல"ன்னேன். ஒரே மூச்சுல சொல்லிட்டேன், நிறுத்தினா முடியாதுன்னு தெரியும்.

சுவத்தைப் பிடிச்சுக்கிட்டார்.

"அப்போ அந்த ஆறும் அப்படியே இருக்கு."

இங்கயாவது வாயை மூடியிருக்கலாம். முடியல. பீரோவைத் திறந்து பாஸ்புக்கை எடுத்து அவர் கையில குடுத்தேன். "ஒண்ணே கால்"னேன். "ஆறுன்னு எப்பவுமே இல்ல. நீங்க பயப்படணும்னு சொன்னேன்."

ஒவ்வொரு பக்கமாப் புரட்டினார். மூணு வருஷத்துக்கு முந்தின பக்கத்துக்கு வந்ததும் விரலை வெச்சு நிறுத்தினார். நான் ஆறுன்னு கத்தின மாசம் அது. அவருக்கும் ஞாபகம் இருந்திருக்கு.

"அன்னைக்கு நான் ஓவர்டைம் பார்த்துட்டு வந்தேன். மூவாயிரம் சட்டைப் பையில இருந்துச்சு"ன்னார். "உன்கிட்ட குடுக்கலாம்னுதான் வந்தேன். நீ ஆறுன்னே. மூவாயிரத்தை எடுத்து நீட்ட வெக்கமாப் போச்சு. ஆயுசு முழுக்கக் கட்டினாலும் தீராதுன்னு தெரிஞ்சதுக்கப்புறம் எதுக்கு ஓடறது? சிரிச்சுக்கிட்டாவது இருப்போம்னு இருந்துட்டேன்."

"என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேன். அப்படியேதான் கிடக்குன்னே."

இத்தனை வருஷம் அவரைச் சோம்பேறின்னு எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பேன். அவர் பாதி சோம்பேறிதான், அதை இன்னைக்கும் நான் விட்டுக்குடுக்க மாட்டேன். மீதிப் பாதி என் வேலை.

அப்பவே கிளம்பினோம். "நான் சொல்லிக்கிறேன், நீ வர வேணாம்"னார். நான் வந்தேன். ஓரகத்தி கதவைத் திறந்தா. ஃபாரம் ஒரு பிளாஸ்டிக் கவர்ல, காலையில எடுத்துக்கிட்டுப் போறதுக்கு வசதியா, டீவி மேல இருந்துச்சு. வாசல்லயே நின்னு சொன்னேன்.

அவ கத்தல. கவரைத் திறந்து ஃபாரத்தை எடுத்து, அவர் கையெழுத்தை ஒரு தடவை பார்த்தா.

"ஞாயித்துக்கிழமைலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் அஞ்சு நாள். இதைக் குடுத்திருந்தா எங்களுக்கு என்ன ஆகியிருக்கும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

"ஆமா."

பொய் சொல்லியிருக்கலாம். மறந்துட்டேன், ரூல் புரியலைன்னு ஏதாவது. வாயில வரல. அவ புருஷன் தம்பியை உள்ள கூப்பிட்டார். அவ என்னைக் கூப்பிடல. கதவை மூடவும் இல்ல. நான் படியில உக்காந்திருந்தேன்.

மறுநாள் அவகூட ஆஸ்பத்திரியில வேலை பார்க்கறவங்க ஒருத்தர் ஜாமீன் போட்டாங்க. புது ஃபாரம் போச்சு, கடன் கிடைச்சுது, ஜன்னல் வெச்ச சமையக்கட்டு அவளுதாச்சு. பால் காய்ச்சினதுக்கு அவர் மட்டும் போய்ட்டு வந்தார். என்னைக் கூப்பிட்டிருந்தாங்க, அண்ணன் வாயால. அவ வாயால இல்ல, அதனால நான் போகல.

எங்க வீட்டுல இப்போ எல்லாம் நான் ஆசைப்பட்டபடிதான் நடக்குது. ஞாயித்துக்கிழமை தவறாம வேலைக்குப் போறார். மிக்சி ரிப்பேருக்குக் காசு வாங்கறார், எதிர் வீட்டம்மாகிட்டகூட. ஒரே மாசத்துல கடன்ல பதினெட்டாயிரம் குறைச்சிருக்கோம். இப்படிப் போனா அரை வருஷத்துல முடிஞ்சுடும். ஓரகத்திகூட இந்த வேகத்துல கட்டினதில்ல, அதை நான் கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன்.

டீ மட்டும் நான்தான் போடறேன்.

போன செவ்வாக்கிழமை தவணை கட்டிட்டு வந்து, "இன்னும் ஒண்ணு ஏழு"ன்னு சொன்னேன். நிஜக் கணக்கு, ஒரு ரூபா கூட்டல, குறைக்கல. "சரி"ன்னார். சட்டையை மாட்டிக்கிட்டு வெளிய போனார். அரை மணி நேரம் கழிச்சு வந்தார். மேஜை மேல ஒரு சீட்டை வெச்சார். சொசைட்டி சீட்டு, அன்னைக்குத் தேதி போட்டு, ஒரு லட்சத்து ஏழாயிரம்னு அச்சடிச்சிருந்துச்சு. ஆறு வருஷமா மிதிக்காத படியை மிதிச்சு, கவுண்டர்ல கேட்டு வாங்கிட்டு வந்திருக்கார்.

"நான்தான் சொன்னேனே"ன்னேன்.

"ஆமா, சொன்னே"ன்னார். குரல்ல கோவம் கிடையாது. "அங்க உக்காந்திருக்கற அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டேன்."

அந்த அம்மாவை எனக்குத் தெரியும். சிடுமூஞ்சி, சில்லறை இல்லைன்னா மூஞ்சியில அடிச்ச மாதிரி பேசுவா, ஆறு வருஷத்துல என்னைப் பார்த்து ஒரு தடவை சிரிச்சதில்ல. அவ ஒரு எண்ணைச் சொன்னா என் புருஷன் நம்பறார். எனக்கு இப்போ பொறாமை அவ மேலதான்.